முதுகுப்பலகையில் இல்லை கிதாரின் குரல்

செவ்வியல் கிதாரைப் பற்றி எழுதுவோர், அதை விற்போர், வாங்குவோர் ஆகிய மூன்று தரப்பினரிடமும் வேரூன்றிவிட்ட கருத்து ஒன்று உண்டு. கிதாரின் நாதம் அதன் முதுகுக்கும் பக்கங்களுக்கும் எந்த மரம் பயன்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது. அத்தகைய மரங்களுள் தலையாயது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அது தாராளமாகக் கிடைத்த காலமே ஸ்பானியக் கிதார்க் கலையின் பொற்காலம். அதன் வரத்து நின்றபின் செய்யப்பட்டவை எல்லாம் ஒரு படி கீழானவை என்பதே அக்கருத்து. ஏலப் பட்டியல்களிலும் கடை விளம்பரங்களிலும் செய்தவரின் பெயருக்கு அடுத்தபடியாக அச்சாவது முதுகு மரத்தின் பெயர்தான். ஒரே கைவினைஞர் ஒரே அளவில், ஒரே முறையில் செய்த இரண்டு கிதார்களுள் ஒன்றுக்கு மட்டும் பிரேசில் மரம் வாய்த்திருந்தால் அதன் விலை பல ஆயிரம் யூரோ ஏறிவிடுகிறது. இக்கருத்தைத் தாங்கி நிற்பது செவி தந்த சான்று அன்று, சந்தையின் பழக்கமே. ஸ்பானியக் கைவினைஞர்களின் வரலாற்றைச் சற்றே நெருங்கிப் பார்த்தாலும் அது இக்கருத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

முதலில் கருவி இயங்கும் விதத்தைக் காண வேண்டும். தந்தி தனித்து அதிரும்போது அது அசைக்கும் காற்று மிகச் சொற்பம் என்பதால் அந்த அதிர்வைப் பரந்த பரப்பொன்றுக்கு மாற்றியாக வேண்டும். தந்திகள் கட்டப்படும் மரக்கட்டையான குதிரை இந்த வேலையைச் செய்கிறது. ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ எடைக்கு ஈடான விசையோடு குதிரையை இழுத்துக்கொண்டிருக்க, குதிரை தான் ஒட்டப்பட்டிருக்கும் மேற்பலகையை, அதாவது ஒலித்துளை வெட்டப்பட்ட முன்பக்கப் பலகையை, அசைக்கிறது. இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள அப்பலகை ஸ்ப்ரூஸ் அல்லது செடார் என்னும் ஊசியிலை மரங்களால் ஆனது. எடை குறைவாகவும் விறைப்பு மிகுதியாகவும் இருப்பதே இவ்விரு மரங்களின் சிறப்பு. பெட்டிக்குள் அடைபட்ட காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில் ஒலித்துளை வழியே தானும் மூச்சு விட்டு, கீழ்ச்சுருதிகளுக்கு வலுவூட்டுகிறது. மேற்பலகையின் முதன்மை ஒத்ததிர்வு 200 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அமைகிறது. கேட்பவரை அடையும் ஒலியில் மிகப் பெரும்பங்கு இந்த இரண்டிலிருந்தே பிறக்கிறது. முதுகுப்பலகைக்கும் பங்கு உண்டு என்பதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. அது காற்றறையின் சுவர், மேற்பலகையோடு இணைந்து ஓரளவு அதிரவும் செய்கிறது. ஆனால் அந்தப் பங்கை முடிவு செய்பவை அதன் எடையும் விறைப்புமே. இவ்விரண்டையும் பலகையின் தடிமனாலும் உட்புறம் ஒட்டும் குறுக்குச் சட்டங்களாலும் கைவினைஞர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடியும். அதற்கு மரத்தின் பெயரோ பிறந்த நாடோ தடையாவதில்லை.

இந்தக் கேள்விக்கு ஸ்பெயினிலேயே, இன்றைய ஒலியியல் ஆய்வகங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, விடை தேடியவர் ஒருவர் இருந்தார். இன்றைய செவ்வியல் கிதாரின் வடிவத்தையும் அளவையும் நிலைப்படுத்தியவர் என எல்லாத் தரப்பினரும் ஏற்கும் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892), அல்மேரியாவை அடுத்த சிற்றூரில் பிறந்து செவில் நகரில் பட்டறை நடத்தியவர். 1862-ஆம் ஆண்டில் அவர் ஒரு கிதாருக்கு முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்தார். மேற்பலகையை மட்டும் தம் வழக்கப்படி நல்ல ஸ்ப்ரூஸால் அமைத்து, அதன் அடியில் ஏழு மெல்லிய சட்டங்களை விசிறி விரித்தாற்போல் ஒட்டினார். பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அக்கருவி இன்றும் இருக்கிறது. விளையாட்டுக்காகச் செய்த பொருளாக அதைக் கொள்ள இடமில்லை. புகழின் உச்சியில் இருந்த ஒருவர், தம் தொழிலின் மையக் கேள்வியைத் தம் கையாலேயே சோதித்துப் பார்த்ததன் தடயம் அது.

மரவாதிகள் இதற்குச் சொல்லும் பதில் தெரிந்ததே: அக்கருவி இன்று வாசிக்கும் நிலையில் இல்லை, எனவே அதன் ஒலியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, தோரெஸ் அதன்பின் அட்டையில் கிதார் செய்துகொண்டே இருக்கவும் இல்லை. இரண்டும் உண்மை. ஆயினும் அட்டை ரோஸ்வுட்டுக்குச் சமம் என்பது இங்கு வாதமே இல்லை. மேற்பலகையைச் சரியாக அமைத்துவிட்டால் பெட்டியின் பிற பகுதிகள் எதனால் ஆனாலும் அது கிதாராகவே ஒலிக்கும் என்று தோரெஸ் கருதினார் என்பதும், தம் உழைப்பை எந்தப் பலகையில் குவிக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது என்பதுமே வாதம். இதற்கு மாறாக, நேர்த்தியான ரோஸ்வுட் பெட்டிக்குமேல் அட்டையால் மேற்பலகை போட்டுப் பார்க்க எந்தக் கைவினைஞரும் முயன்றதாகச் செய்தியில்லை. முடிவு என்னவாகும் என்பது தொழில் தெரிந்த அனைவருக்கும் முன்கூட்டியே தெரியும்.

தோரெஸின் பிற கருவிகளும் இதையே சொல்கின்றன. அவர் ரோஸ்வுட்டில் செய்தார், மேப்பிளில் செய்தார், ஸ்பெயினில் எளிதாகக் கிடைத்த, வெளிறிய நிறமும் நறுமணமும் உடைய சைப்ரஸ் மரத்திலும் செய்தார். அகலமான பலகை அமையாதபோது மூன்று நான்கு துண்டுகளை இணைத்து முதுகை உருவாக்கினார். ‘செவ்வியல் கிதார் என்றால் ரோஸ்வுட், பிளமெங்கோ கிதார் என்றால் சைப்ரஸ்’ என்று இன்று விதிபோல் ஓதப்படும் பாகுபாடு அவர் காலத்தில் இல்லை. அன்று மரத்தை முடிவு செய்தது வாங்குபவரின் பணப்பை. கடல் கடந்து வந்த கருமரம் விலை மிகுந்தது. உள்ளூர் சைப்ரஸ் மலிவு. அந்தலூசியாவின் பிளமெங்கோ வாசிப்பாளர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதால் மலிவான மரம் அவர்கள் கைக்குப் போனது. பின்னர் அவர்களுடைய இசையோடு சேர்ந்து அம்மரமும் ஓர் இலக்கணமாகிவிட்டது. பொருளாதாரத்தால் நேர்ந்த பிரிவினைக்கு ஒலியியல் காரணம் பிற்பாடு கற்பிக்கப்பட்டது.

மரவாதத்தின் மிக வலுவான தூண் இங்குதான் சாய்கிறது. ‘பழைய கருவிகளுள் மிகச் சிறந்தவை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட்டால் ஆனவையே, இதற்கு என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்கிறார்கள். கூற்று பெரும்பாலும் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. மாட்ரிட் பட்டறைகளில் கிதார்கள் தரவாரியாக விலையிடப்பட்டன. உயர்ந்த விலைக்குரிய கருவிக்கு விலையுயர்ந்த முதுகு மரம் ஒதுக்கப்பட்டபோது, குவியலிலேயே நேரான, நெருக்கமான ரேகையுள்ள ஸ்ப்ரூஸ் பலகையும் அதற்கே ஒதுக்கப்பட்டது. ஒலித்துளையைச் சுற்றிப் பதிக்கும் நுண்ணிய பூவேலைக்கும், மேற்பலகையைச் சன்னமாக்கும் பொறுமைக்கும், பட்டறையின் தேர்ந்த கையின் நேரத்துக்கும் அதுவே உரிமை பெற்றது. அத்தகைய கருவியை வாங்கியவர்கள் தேர்ந்த கலைஞர்கள் அல்லது வசதி படைத்தவர்கள். ஆகவே அது பேணப்பட்டது, பழுது பார்க்கப்பட்டது, தலைமுறை தாண்டியது. மலிவு விலைக் கிதார் மதுக்கடையில் நனைந்து, வெயிலில் வெடித்து, அடுப்புக்குப் போனது. இத்தனை காரணங்களும் ஒரே கருவியில் கூடியிருக்க, அவற்றுள் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து எல்லாப் பெருமையையும் அதற்கே சூட்டுவது ஆய்வு முறைக்கு ஒவ்வாதது.

அடுத்த வாதம் தட்டிப் பார்க்கும் வாதம். பிரேசில் ரோஸ்வுட் பலகையின் ஒரு முனையை இரு விரல்களால் தொங்கப் பிடித்து முட்டியால் தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கும். மேப்பிளும் சைப்ரஸும் அவ்வளவு நீண்டு ஒலிப்பதில்லை. மரக்கடைகளில் இந்தச் செய்கையைக் கண்டு மயங்காதவர் குறைவு. அம்மரத்தில் அதிர்வு மெல்லவே தணிகிறது என்பது அளந்து காட்டக்கூடிய உண்மைதான். ஆனால் தொங்கும் பலகை வேறு, கிதாரின் முதுகு வேறு. கிதாரில் அப்பலகை நாற்புறமும் விளிம்பில் ஒட்டப்பட்டு, குறுக்குச் சட்டங்களால் இறுக்கப்பட்டு, வாசிப்பவரின் மார்பிலும் வயிற்றிலும் சாய்ந்திருக்கிறது. உடலும் உடையும் உறிஞ்சும் அதிர்வோடு ஒப்பிட்டால், மரத்துக்கு மரம் உள்ள தணிவு வேறுபாடு எந்த அளவுக்குக் கேட்பவரை எட்டும் என்ற கேள்வியைத் தட்டிக் காட்டுபவர்கள் எழுப்புவதே இல்லை.

எழுப்பியவர்கள் சிலர் உண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் ஒரு கிதார்க் கைவினைஞருடன் இணைந்து நடத்திய ஆய்வு 2018-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. ஒரே வடிவமைப்பில், முதுகு மற்றும் பக்க மரம் மட்டும் மாறுபடும்படி ஆறு கிதார்கள் செய்யப்பட்டன: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் செய்வோர் அணியும் கருங்கண்ணாடியோடு 52 கிதார்க் கலைஞர்கள் அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். ஆறுக்கும் கிடைத்த மதிப்பீடு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. விலையுயர்ந்த மரம் மேலெழவில்லை. அவை எஃகுக் கம்பிக் கிதார்கள், நைலான் தந்தி பூட்டிய ஸ்பானியக் கிதார்கள் இல்லை என்று சொல்லப்படும் தடை நியாயமானது. அந்த அளவுக்கு அம்முடிவைக் கட்டுப்படுத்திக்கொள்ளவும் வேண்டும். ஆனால் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஐரோப்பியக் கைவினைப் பள்ளிகள் நடத்திய லியோனார்தோ கிதார் ஆய்வுத் திட்டத்தில், வெப்பமண்டல மரங்களாலான கிதார்களும் ஐரோப்பிய மரங்களாலான கிதார்களும் ஒப்பிடப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. மரம் எதுவென்று தெரியாதவரை இரு வகைக்கும் இடையே தெளிவான உயர்வு தாழ்வு தோன்றவில்லை. பார்த்து வாசிக்க விட்டபோது மதிப்பீடு வெப்பமண்டல மரங்களின் பக்கம் சாய்ந்தது. கண்ணில் பட்ட கருநிறத்தின் பெருமையைச் செவி தன் தீர்ப்பாக எண்ணிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

கிதாரின் குரல் உண்மையில் எங்கே உருவாகிறது என்பதை ஸ்பானியப் பட்டறையின் வேலை வரிசையே காட்டும். அங்கே கருவி சொலேரா எனப்படும் பணிப்பலகையின் மேல் கவிழ்ந்த நிலையில் உருப்பெறுகிறது. சொலேராவின் நடுப்பகுதி மிக இலேசாகக் குழிந்திருக்கும். அதில் முகங்குப்புற வைக்கப்படும் மேற்பலகை அக்குழிவுக்கு இயைந்து மெல்லிய வளைவைப் பெறுகிறது. அதனோடு கழுத்து இணைக்கப்படும். நீரில் நனைத்துச் சுடு இரும்பில் வளைத்த பக்கப்பலகைகள் கழுத்தின் அடிக்கட்டையில் அறுத்த பிளவுகளுக்குள் செருகப்படும். மேற்பலகையும் பக்கங்களும் சந்திக்கும் விளிம்பு நெடுகிலும், விரல்நுனி அளவே உள்ள சிறு மரக்கட்டைகளை ஒவ்வொன்றாகச் சூடான வச்சிரப் பசையில் தோய்த்து ஒட்டிக்கொண்டே செல்வார்கள். முதுகுப்பலகை கடைசியில், பெட்டியை மூடுவதற்காகவே வருகிறது. அதற்குள் கருவியின் தலைவிதி பெரும்பாலும் எழுதப்பட்டு முடிந்திருக்கும்.

அந்த எழுத்து நிகழ்வது மேற்பலகையைச் சன்னமாக்கும்போது. மரத்தின் ரேகைவாக்கில் ஸ்ப்ரூஸுக்கு உள்ள விறைப்பு குறுக்குவாக்கில் உள்ளதைப்போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். அந்த விகிதமும் மரத்துக்கு மரம், ஒரே மரத்திலும் பலகைக்குப் பலகை மாறும். பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கேற்ப மாறுகிறது என்பதால், 2.5 மில்லிமீட்டரிலிருந்து 2.3 மில்லிமீட்டருக்கு இழைத்தால் எடை 8 விழுக்காடே குறைய, விறைப்போ ஏறத்தாழ 22 விழுக்காடு குறைந்துவிடுகிறது. இழைப்புளி சில முறை கூடுதலாக ஓடினால் குரல் தடம் மாறிவிடும். விசிறிச் சட்டங்களின் உயரத்துக்கும் இதே கணக்குதான். ஆகவே கைவினைஞர் பலகையை இரு கைகளிலும் பிடித்து நீளவாக்கில் வளைத்துப் பார்க்கிறார், குறுக்குவாக்கில் வளைத்துப் பார்க்கிறார், கட்டைவிரலால் ஓரங்களை அழுத்துகிறார், தட்டிக் கேட்கிறார், மீண்டும் இழைக்கிறார். எண்ணில் குறித்த தடிமன் ஒன்றை எல்லாப் பலகைக்கும் பொருத்தினால் ஒரு கருவி நன்றாகவும் அடுத்தது ஊமையாகவும் முடியும். அல்மேரியாவில் தோரெஸுடன் பழகிய பாதிரியார் ஹுவான் மார்த்தினெஸ் சிர்வெந்த் பிற்காலத்தில் எழுதிய கடிதமொன்று, தம் இரகசியம் என்னவென்று கேட்கப்பட்டபோது தோரெஸ் தந்த விடையைப் பதிவு செய்திருக்கிறது: மேற்பலகை சரியாக இழைக்கப்பட்டுவிட்டதா என்பதைத் தம் பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் அறிவுக்கு உணர்த்துகின்றன என்பதே அதன் சாரம். அவ்விடையில் எந்த மரத்தின் பெயரும் இல்லை.

இதே கதையை வைத்து, இரகசியம் தோரெஸோடு புதைந்துவிட்டது என்று வேறொரு மாயையை வளர்ப்போரும் உள்ளனர். அதுவும் ஏற்கத்தக்கதன்று. விசிறிச் சட்ட முறையே தோரெஸுக்கு முன் செவிலிலும் காதிஸிலும் பதினெட்டாம் நூற்றாண்டில் வழங்கியதுதான். அவருக்குப் பின் மாட்ரிட்டில் மனுவேல் ராமிரெஸின் பட்டறையிலிருந்து சாந்தோஸ் எர்னாந்தெஸும் தொமிங்கோ எஸ்தேசோவும் வந்தனர். பார்சிலோனாவில் இக்னாசியோ பிளேத்தா வயலின், செலோ செய்த கையோடு கிதாருக்கு வந்தார். மியூனிக்கில் ஹெர்மான் ஹௌசர், ஸ்பானியக் கருவிகளை ஆராய்ந்து பல ஆண்டுகள் முயன்று 1937-இல் ஆந்த்ரெஸ் செகோவியாவுக்குச் செய்து தந்த கிதார் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பாரிஸில் ராபேர் பூஷே ஓர் ஓவியர். மாட்ரிட்டில் பிறந்து இங்கிலாந்தில் தச்சுவேலை பார்த்த ஹோசே லூயிஸ் ரொமானிலியோஸ் எந்தக் கிதார்ப் பட்டறையிலும் தொழில் பழகாமலேயே கற்றுத் தேர்ந்து, 1973-இல் ஜூலியன் பிரீமுக்குப் புகழ்பெற்ற கருவியைச் செய்தளித்தார். தோரெஸின் வாழ்வையும் பணியையும் ஆராய்ந்து நூலும் எழுதினார். இவர்களை இணைப்பது ஒரே காட்டின் மரமன்று. மேற்பலகையை அணுகிய ஒழுக்கம்.

பொற்காலம் பிரேசில் மரத்தோடு முடிந்தது என்னும் கூற்றையும் காலவரிசை ஏற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்பானியக் கிதாரின் ஒலியில் நேர்ந்த மாபெரும் மாற்றம் முதுகில் நிகழவில்லை. மாட்ரிட்டின் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் 1965-இல் ஸ்ப்ரூஸை விடுத்து, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளரும் செந்நிறச் செடாரை மேற்பலகைக்குக் கொண்டுவந்தபோது, இருண்ட, பருமனான, உடனே திறந்துகொள்ளும் ஒலி பிறந்தது. அதை விரும்பியோரும் வெறுத்தோரும் அது வேறானது என்பதில் ஒன்றுபட்டனர். பிரேசில் தன் மரக்கட்டைகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின் இந்திய ரோஸ்வுட் அதன் இடத்தைப் பிடித்ததும் அந்தக் காலக்கட்டத்தை ஒட்டியே. அம்மாற்றம் அரங்குகளில் இரசிகர்களைத் திடுக்கிடச் செய்யவில்லை. ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் இன்னும் ஒரு படி சென்று, முதுகைப் பலகை அடுக்குகளால் கனமாகவும் வளைவாகவும் அமைத்து அசையாமல் நிறுத்தி, பின்னல் சட்டங்கள் தாங்கும் மிக மெல்லிய மேற்பலகையை மட்டும் பாட விட்டார். ஜான் வில்லியம்ஸ் பல பத்தாண்டுகளாக அக்கருவியோடு உலக மேடைகளில் அமர்ந்தார். ஸ்மால்மனின் ஒலி ஸ்பானிய ஒலியாகாது என்று வாதிடலாம், அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வேறுபாடும் மேற்பலகையிலிருந்தே எழுந்தது.

தவறான கருத்து நூல்களுக்குள் அடங்கியிருந்தால் அதை மறுக்க இத்தனை முனைப்பு வேண்டியதில்லை. இது காடுகளைத் தொட்ட கருத்து. பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காடுகளில் மட்டுமே வளரும் அந்த ரோஸ்வுட், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 1992-இல் சேர்க்கப்பட்டது. அதாவது வணிக நோக்கில் அதை எல்லை கடத்துவது ஏறத்தாழ முற்றிலும் தடுக்கப்பட்டது. 2017-இன் தொடக்கத்தில் அம்மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த மற்ற மரங்கள் யாவும் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்படும்வரை, சாதாரண இந்திய ரோஸ்வுட் கிதாரை வெளிநாட்டுக்கு விற்பதற்கும் உரிமச்சீட்டு தேவைப்பட்டது. இந்திய ரோஸ்வுட் என்பது வேறெதுவும் இல்லை. நீலகிரியிலும் வயநாட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற சரிவுகளிலும் வளரும் ஈட்டி மரம், அதாவது தோதகத்தி. தமிழ்நாட்டில் அதைக் காக்கவென்றே 1994-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மெதுவாக வளரும் அம்மரம் கிதார் முதுகுக்கு ஆகும் அகலத்தை எட்டப் பல தலைமுறை பிடிக்கும். ஒரு காட்டை வெறுமையாக்கிய நம்பிக்கை அடுத்த காட்டை நோக்கி நகர்வதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பாதிப்பு காட்டோடு நிற்கவில்லை. கிரானடாவிலோ மாட்ரிட்டிலோ இன்று தொழிலுக்கு வரும் இளம் கைவினைஞர் உள்ளூர் சைப்ரஸிலும் வால்நட்டிலும் அருமையான கருவி செய்தாலும், அது ‘இரண்டாம் தரம்’ என்றே விலையிடப்படுகிறது. இருபது ஆண்டு பயின்ற விரல்நுனிக்குரிய கூலி, பழைய கிடங்கில் தூங்கும் பலகைக்குப் போய்ச் சேருகிறது. பிரேசில் மரத்தின் நிறமும் வரியோட்டமும் அழகானவை. அழகுக்காக ஒருவர் விலை கொடுப்பதில் தவறில்லை. அந்த அழகை நாதம் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

ஆகவே கருவி வாங்கச் செல்வோர் முதுகைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்திக் கேட்க வேண்டும். மேற்பலகையை யார் இழைத்தார் என்று விசாரிக்க வேண்டும். ரோஸ்வுட்டுக்குக் கொடுக்க எண்ணி வந்த அதே தொகையைச் சைப்ரஸ் கிதாருக்கும் தயங்காமல் கொடுக்க முன்வர வேண்டும்.